பத்து இருபதுக்குப் புறப்பட்டு பத்து ஐந்துக்கு இறங்கிய விமானம்

போன வாரம் ரஹ்மத் போன் செய்தாள். நான் முப்பத்தொரு வருடம் டிக்கெட் எழுதிய டிராவல்ஸில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கெட்டிக்காரி. கண்ணால் பார்த்ததைக்கூட ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். எனக்கு அவளைப் பிடித்ததே அந்தக் குணத்தால்தான்.

"எக்கா, ஒரு சந்தேகம். ஒருத்தருக்கு பினாங்குலேர்ந்து மேடானுக்கு டிக்கெட் பாக்கேன். பதினொன்னு முப்பத்தஞ்சுக்குப் புறப்பட்டு பதினொன்னு முப்பதுக்கு இறங்குதுன்னு ஆப்புல காட்டுது. ஆப்புக்கு மண்டை குழம்பிட்டா, எனக்குக் குழம்பிட்டான்னு தெரியல."

"அதுக்கும் குழம்பல, ஒனக்கும் குழம்பல. அது அப்படித்தான் இருக்கும். டிக்கெட்டப் போடு."

"புறப்படுததுக்கு முந்தியே எப்படிக்கா இறங்கும்?"

"அதைச் சொல்லணும்னா அரை நாளாவும். ஒரு நாயித்துக்கெழம வீட்டுக்கு வா."

வருகிறேன் என்றாள், வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கும், எனக்குத் தெரியாதா? சரி, எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்தேன். அந்த மாதிரி ஒரு கணக்கில் ஒரு காலத்தில் நான் ஒரு மனுஷனின் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தேன். அதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

பி.காம். முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தேன். மெட்ராஸில் பதினைந்து நாள் பயிற்சி. ஊர்களின் மூன்றெழுத்துச் சுருக்கங்களை ரயிலில் வரும்போதே மனப்பாடம் செய்துவிட்டேன். எங்கள் ஆபீஸ் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முதலாளி மைதீன் பாய், மேலப்பாளையத்துக்காரர். நெசவுக் குடும்பம். அவருடைய வாப்பா பினாங்கில் துணிக்கடை வைத்திருந்தவர். ஆனால் பாய் கடல் தாண்டியதே இல்லை. நானும் அதுவரை விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருந்தேன். அதில் ஏறியே இராத நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஊரில் பாதிப்பேரை வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அப்போது டிக்கெட்டைக் கையால்தான் எழுத வேண்டும். அடியில் சிவப்புக் கார்பன் பூசிய மெல்லிய தாள்கள் அடுக்காக இருக்கும். பால்பாயின்ட் பேனாவைக் குத்தி அழுத்தினால்தான் கடைசித் தாள் வரைக்கும் எழுத்து இறங்கும். மாலையில் வலது கை ஆள்காட்டி விரல் மரத்துப்போய்விடும். அடித்துத் திருத்தினால் டிக்கெட் செல்லாது. மேஜைமேல் தலையணை தடிமனுக்கு ஒரு கால அட்டவணைப் புத்தகம். உலகத்தில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்ன விமானம் என்பதெல்லாம் எறும்பு சைசு எழுத்தில் இருக்கும். புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி. இது பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது. எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன பிரயோஜனம் என்பது பின்னால் வரும்.

பாயிடம் ஒரு வினோதப் பழக்கம் உண்டு. யாராவது வந்து, "துபாய்க்கு எத்தன மணி நேரம் ஆவும்?" என்று கேட்டால் அவர் மணியைச் சொல்ல மாட்டார். முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார். எழுந்து சுவரில் மாட்டியிருக்கும் உலகப்படத்துக்குப் போவார். அந்தப் படத்தில் வங்காள விரிகுடாவின் நடுவில் ஒரு ஆணி அடித்து, அதில் ஒரு நூலைத் தொங்கவிட்டிருந்தார். அவர் வீட்டுத் தறியில் பாவு ஓட்டிய நூல். அதில் முடிச்சுகள் இருக்கும். திருநெல்வேலிக்கும் மெட்ராஸுக்கும் படத்தில் எவ்வளவு இடைவெளியோ, அது ஒரு முடிச்சு. நூலைத் திருநெல்வேலியில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, போக வேண்டிய ஊர் வரைக்கும் இழுத்து, முடிச்சை எண்ணி, "அஞ்சரை மெட்ராசு" என்பார். அதற்குப் பிறகுதான் மணி.

"தூரத்த மொதல்ல பாருங்க கோமதிம்மா. மணியப் பொறவு பாக்கலாம்" என்று எனக்கும் சொல்வார்.

ஒரு தடவை களக்காட்டிலிருந்து ஒரு வாழைக்காய் வியாபாரி வந்தார். மகனை துபாய்க்கு அனுப்புவதா சிங்கப்பூருக்கு அனுப்புவதா என்று வீட்டில் சண்டை. அவர் மனைவிக்கு, பக்கத்தில் இருக்கும் ஊருக்குத்தான் பிள்ளையை அனுப்ப வேண்டுமாம். பாய் கண்ணாடியைக் கழற்றினார், நூலை மேற்கே இழுத்தார், கிழக்கே இழுத்தார். இரண்டு பக்கமும் அதே ஐந்தரை மெட்ராஸ்தான். வியாபாரி நம்பாமல் தானே நூலை வாங்கி இரண்டு தடவை அளந்து பார்த்தார். "அப்ப என் பொண்டாட்டிகிட்ட என்னத்தச் சொல்லுவேன் பாய்?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, நானும் தனியாக நின்று நூலை இழுத்து அளந்து பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆசையெல்லாம் கொஞ்ச நாள்தான். வேலை பழகப் பழக எனக்கு வேகம் வந்துவிட்டது, கூடவே திமிரும் வந்துவிட்டது. நூல் பிடிப்பதெல்லாம் வருகிறவர்களுக்கு வேடிக்கை காட்ட என்று நினைத்தேன். புத்தகத்தைத் திறந்தால் அரை நிமிடத்தில் பதில் சொல்வேன். அந்த வேகத்துக்குத் துணையாக எங்களிடம் ஒரு சட்டமும் இருந்தது.

அந்தச் சட்டம் வந்த கதை இது. ஏர்வாடியிலிருந்து ஒரு குடும்பம், துபாயிலிருந்து வரும் பிள்ளையை அழைக்க வேன் பிடித்துத் திருவனந்தபுரம் போனது. டிக்கெட்டில் இறங்கும் நேரம் அதிகாலை நாலு மணி. ஆனால் விமானம் அங்கே கிளம்புவதே அன்றைக்கு இரவு பத்தரைக்கு. மறுநாள் என்று காட்டும் சின்னக் குறி புத்தகத்தில் மங்கலாக அச்சாகியிருந்ததால், எனக்கு முன்னால் இருந்தவர் கவனிக்கவில்லை. கிழவி முதல் கைக்குழந்தை வரை பதினொரு பேர், ஒரு முழு நாள் விமான நிலைய வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் பாயை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் பாய்க்குத் தாங்கவில்லை. அன்றே ஒரு சட்டம் போட்டார். புறப்படும் நேரத்தைவிட இறங்கும் நேரம் சின்ன எண்ணாக இருந்தால், புத்தகத்தில் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் மறுநாள் என்று போட்டுவிட வேண்டும்.

இந்தச் சட்டம் ஒரு தடவைகூட எங்களைக் கைவிட்டதில்லை. இங்கிருந்து கிழக்கே போனாலும் சரி, வளைகுடாவுக்குப் போனாலும் சரி, வந்தாலும் சரி, சின்ன எண் என்றால் மறுநாள்தான். சிவப்புப் பென்சில் எப்போதும் என் காதில் செருகியிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணி இருக்கும். புருஷனும் மனைவியுமாக இரண்டு பேர் படியேறி வந்தார்கள். அவர் பெயர் சூசை, அவள் லூர்து. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். சூசைக்குச் சொந்தமாக வள்ளம் இருந்தது. முந்தின வருடக் காற்றில் பாறையில் மோதிச் சிதறிவிட்டது. அதிலிருந்து அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆனால் கைப்பக்குவம் உள்ளவர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் அசன விருந்து என்றாலும் ஐந்நூறு பேருக்குச் சோறு பொங்க அவரைத்தான் கூப்பிடுவார்களாம். அதை வைத்துத் தூத்துக்குடியில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டு ஒருவர் அவருக்கு இரண்டாம் சமையல்காரர் வேலை பிடித்துக் கொடுத்திருந்தார்.

ஏஜெண்டின் கடிதத்தை லூர்துதான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கப்பல் சுமத்ராவில், மேடான் நகரத்துக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் நிற்கிறது. பாமாயில் ஏற்றிக்கொண்டு வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பிவிடும். அன்று பகல் ஒரு மணிக்குள் ஆள் கப்பலில் ஏறியாக வேண்டும். இல்லையென்றால் வரிசையில் அடுத்து இருப்பவனுக்குப் போய்விடும். அவன் இப்போதே சிங்கப்பூரில் வேறொரு கப்பலிலிருந்து இறங்கிக் காத்திருக்கிறான்.

"இவியளுக்கு அடுத்த மாசம் நாப்பது முடியுது" என்றாள் லூர்து. "நாப்பது தாண்டிட்டா புதுசா எடுக்க மாட்டாவளாம். இது ஒன்னுதான் இருக்கு எக்கா."

நான் புத்தகத்தைத் திறந்தேன். சிங்கப்பூர் வழியாகப் போகும் விமானத்தில் இடம் இல்லை. கோலாலம்பூர் வழியாகப் பினாங்கு வரைக்கும் இடம் கிடைத்தது. செவ்வாய் சாயங்கால ரயிலில் ஏறினால் புதன் காலை மெட்ராஸ். புதன் இரவு விமானம். வியாழன் காலை எட்டரைக்கெல்லாம் பினாங்கில் இறங்கிவிடலாம். அங்கிருந்து மேடானுக்குப் பத்து இருபதுக்கு ஒரு விமானம். சந்தோஷமாக விரலை நகர்த்தினேன். இறங்கும் நேரம் பத்து ஐந்து என்று இருந்தது.

பத்து இருபது. பத்து ஐந்து. சின்ன எண். என் கை காதுக்குப் போனது. சிவப்புப் பென்சிலால் மறுநாள் என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை காலை பத்து ஐந்து.

"முடியாதுங்க. வெள்ளிக்கிழமதான் போய்ச் சேர முடியும்" என்றேன்.

அதோடு விட்டேனா? என் சுறுசுறுப்பு சும்மா இருக்குமா? அவர்கள் முன்னாலேயே தூத்துக்குடி ஏஜெண்டுக்குப் போன் போட்டு, "நீங்கள் சொல்லும் நேரத்துக்கு விமானமே இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர், சரிம்மா, நாலு மணிக்குச் சிங்கப்பூர்க்காரனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

சூசை பெஞ்சியில் போய் உட்கார்ந்துகொண்டார். லூர்து எழுந்து போகலாம் என்று கையைப் பிடித்தாள். அவர் அசையவில்லை. ஆபீஸில் ஒரு ஆண் கண் கலங்க உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. அடுத்த டிக்கெட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எழுத்து சரியாக விழவில்லை.

பாய் லுஹர் தொழுகையும் மதியச் சாப்பாடும் முடித்து மூன்று மணி வாக்கில் வந்தார். வந்ததும் பெஞ்சியைப் பார்த்தார். என்ன என்று என்னைக் கேட்காமல் அவரிடமே போய்க் கேட்டார். சூசை கதையைச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டார்.

"மொதலாளி, அந்தப் பினாங்குக்கும் மேடானுக்கும் நடுவுல என்ன கெடக்கு? மலையா, கடலா?"

"கடல்தான்."

"எவ்வளவு தூரம்?"

பாய் கண்ணாடியைக் கழற்றினார். நூல் ஆணியிலிருந்து இறங்கியது. பினாங்கில் கட்டைவிரல், மேடானில் ஆள்காட்டி விரல். இரண்டு விரலும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு நின்றன. "அரை மெட்ராசுகூட இல்லையே. இங்கேர்ந்து திருச்சி" என்றார்.

சூசை எழுந்து வந்து படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"எக்கா, காத்து வாக்கா இருந்தா என் பழைய வள்ளத்துலயே ஒரு பகல் ஒரு ராத்திரியில நான் அங்கன போய்ச் சேந்துருவேன். பிளேனுக்கும் ஒரு நாள் ஆவுமா?"

எனக்குச் சுருக்கென்றது. "புத்தகத்துல அப்படித்தான் போட்டுருக்கு" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"புத்தகத்துல போட்டுருக்கா, நீங்க போட்டியளா?" என்றாள் லூர்து. அவள் என் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் என்ற குறி புத்தகத்தில் இல்லை. மங்கலாகவும் இல்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது. அது என்னுடைய சிவப்பு.

இப்போதும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. நாலு வருடமாக எனக்கு இங்கிருந்து சிங்கப்பூருக்கு இரண்டரை மணி நேரம் கூட்டத் தெரியும், துபாய்க்கு ஒன்றரை மணி நேரம் கழிக்கத் தெரியும். எந்தப் பயணம் என்றாலும் ஒரு பக்கம் நம் ஊர் இருக்கும். இரண்டு பக்கமும் அந்நிய ஊராக இருந்தால், அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் கடிகாரம் எப்படி ஓடும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. புத்தகத்தின் முன்பக்கங்களில் நாடுவாரியாக நேர அட்டவணை இருக்கும். பிரித்துப் பார்த்தேன். பினாங்கு நம்மைவிட இரண்டரை மணி முன்னால். மேடான் நம்மைவிட ஒன்றரை மணிதான் முன்னால்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இரண்டையும் நம் ஊர் நேரத்துக்கு மாற்றினேன். பினாங்கில் பத்து இருபது என்றால் நமக்குக் காலை ஏழு ஐம்பது. மேடானில் பத்து ஐந்து என்றால் நமக்கு எட்டு முப்பத்தைந்து. நடுவில் முக்கால் மணி நேரம்.

முக்கால் மணி நேரத்தில் கடலைத் தாண்டுகிறது. அதற்குள் அந்த ஊர்க் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் குறைந்துவிடுகிறது. அதனால் புறப்பட்ட நேரத்துக்குக் கால்மணி முன்னாலேயே போய் இறங்குகிறது. வெட்கத்தில் முகம் எரிந்துகொண்டிருக்கும்போதே, இப்படியும் ஒன்று உலகத்தில் நடக்கிறதா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். "பாய், இங்க பாருங்களேன்" என்று சின்னப்பிள்ளை மாதிரி கத்திவிட்டேன். அவர் தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தார்.

"நான் போட்ட சட்டம்லா நம்மளக் கவுத்திருக்கு" என்றார். பிறகு, "சரி. ஏஜெண்டுக்குப் போனப் போடுங்க. நீங்களே பேசுங்க" என்றார்.

மணி மூன்றே கால். முதலில் விமானக் கம்பெனியின் மெட்ராஸ் ஆபீஸைக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று முயன்றேன். லைன் கிடைக்கவே இல்லை. மூன்று நாற்பதுக்குத் தூத்துக்குடிக்குப் போட்டேன். தப்பு என்மேல், வியாழக்கிழமை காலையிலேயே ஆள் வந்துவிடுவார் என்றேன்.

"யம்மா, நீங்க டிக்கெட் எழுதுதீயளா, ஜோசியம் பாக்குதீயளா? பன்னெண்டு மணிக்கு வெள்ளிங்கீய, மூணு மணிக்கு வியாழங்கீய. எதுல கப்பலு நிக்கும்?"

"வியாழன்தான் சார். புறப்படுத நேரத்துக்கு முன்னாலயே இறங்கிரும்."

அவர் குரலைத் தணித்துக் கேட்டார். "பக்கத்துல பெரியவங்க யாராவது இருந்தா குடுங்கம்மா."

பாய் வாங்கிக்கொண்டார். கணக்கெல்லாம் சொல்லவில்லை. "ஆளு ஒரு மணிக்குள்ள கப்பல்ல இருப்பாரு. இல்லன்னா நான் பொறுப்பு" என்றார். போனை வைத்த பிறகு அவர் கை துண்டைத் தேடி முகத்தைத் துடைத்தது. அவருக்கும் அந்தக் கணக்கு நூற்றுக்கு நூறு நிச்சயம் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்களில் யார் அங்கே போய்ப் பார்த்தோம்? எல்லாம் ஒரு நூலும் ஒரு வெள்ளைத்தாளும்தான். தவறிப்போனால் சூசை கப்பலும் இல்லாமல், ஊரும் இல்லாமல், பாஷை தெரியாத இடத்தில் நிற்பார்.

டிக்கெட்டை அழுத்தி எழுதினேன். சூசைக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. வழியில் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எதை முடிவு செய்வார் என்று பயமாக இருந்தது. கடைசியில் ஒன்று சொன்னேன்.

"உங்க வாட்ச்சை மட்டும் திருப்பாதீங்க. அது நம்ம ஊரு நேரத்துலயே ஓடட்டும். வியாழக்கெழம அதுல ஏழு அம்பதுக்குப் பிளேனு கிளம்பும். எட்டு முப்பத்தஞ்சுக்கு இறங்கிருவீங்க. அங்க சுவத்துல என்ன மணி காட்டுனாலும் பதறாதீங்க."

"சரி எக்கா. தொட மாட்டேன்" என்று மணிக்கட்டை மற்றக் கையால் மூடிக்கொண்டார். கப்பலில் ஏறியதும் ஆபீஸுக்குப் போன் செய்வதாகச் சொல்லிவிட்டு, அன்று சாயங்கால ரயிலில் ஏறினார்.

வியாழக்கிழமை நான் ஏழு மணிக்கெல்லாம் ஆபீஸுக்குப் போய்விட்டேன். படியில் லூர்து உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். கதவைத் திறந்து இரண்டு பேரும் உள்ளே போனோம். சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே அவள் பெஞ்சியில் உட்கார்ந்தாள். ஏழு ஐம்பது ஆனதும், "இப்ப கெளம்பிருப்பாவ" என்றாள். எட்டு முப்பத்தைந்து வரைக்கும் ஜெபமாலையை உருட்டினாள். எட்டு முப்பத்தைந்துக்கு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று தெரியவில்லை. ஒன்பது ஆனது. பாய் வந்தார், செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படித்தார். மேடானில் ஒரு மணி என்றால் நமக்குப் பதினொன்றரை. பதினொன்று ஆகியும் போன் வரவில்லை.

பதினொன்று இருபதுக்குப் போன் அடித்தது. எடுத்தேன். கரகரவென்று ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து சூசையின் குரல்.

"எக்கா, ஏறியாச்சு. கப்பலுக்குள்ள வந்து பையக்கூட வச்சாச்சு. எக்கா, நீங்க சொன்ன மாதிரியே, கெளம்பும்போது அங்கன சுவத்துல பத்து இருவது. இறங்கிப் பாத்தா இங்கன பத்து அஞ்சு! என் வாட்ச்சுல சரியா எட்டு முப்பத்தஞ்சு. நான் கெளம்புததுக்கு முந்தியே வந்துட்டேன் எக்கா!"

போனை லூர்துவிடம் கொடுத்தேன். அவள் அழவும் இல்லை, கப்பலைப் பற்றிக் கேட்கவும் இல்லை. "காலையில சாப்பிட்டீயளா?" என்றாள். பிறகு, "அங்கன இப்ப மணி எத்தன?" என்றாள். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, எங்கள் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். போனை வைத்த பிறகு என்னிடம் கேட்டாள்.

"எக்கா, எங்க வீட்டுக் கடியாரத்தை அந்த ஊரு நேரத்துக்கு வைக்கணும்னா எவ்வளவு திருப்பணும்?"

"ஒன்றரை மணி நேரம் முன்னால. எதுக்கு?"

"அவிய எப்பச் சாப்புடுவாவ, எப்ப அடுப்பாங்கரையில நிப்பாவன்னு தெரியணும்லா."

பாய் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். என் பக்கத்தில் வந்து காதில் இருந்த சிவப்புப் பென்சிலை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சட்டம் அன்றோடு ஒழிந்தது. அதற்குப் பிறகு ஓய்வுபெறும் வரை, நூலால் அளக்காமல் நான் எந்தப் புது ஊருக்கும் டிக்கெட் எழுதியதில்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அளந்தேன். ரஹ்மத் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

சூசையின் கப்பல் பத்து மாதம் கிழக்குக் கடலிலேயே சுற்றியது. எந்தத் துறைமுகம் என்று தூத்துக்குடி ஏஜெண்டிடம் கேட்டுக்கொண்டு, லூர்து தன் ஊர் டெலிபோன் பூத்திலிருந்து எனக்குப் போடுவாள்.

"எக்கா, இப்ப பாங்காக்காம்."

"அதே ஒன்றரைதான். முள்ளைத் தொடாதே."

"எக்கா, மணிலாங்காவ."

"இன்னும் ஒரு மணி நேரம் முன்னால தள்ளு."

அவளுடைய மாமியார் அந்த வீட்டில் மணி பார்ப்பதையே விட்டுவிட்டாளாம். பிள்ளைகள் ஒருநாள் சுவரைப் பார்த்துவிட்டு அடித்துப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓட, வாத்தியார் பல் தேய்த்துக்கொண்டு நின்றாராம். அதன் பிறகு வீட்டில் எல்லோரும் கோயில் மணியைக் கேட்டு நடந்தார்கள். சுவரில் இருந்த கடிகாரம் சூசைக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. அங்கே அவர் தன் வாட்ச்சைக் கடைசி வரை திருப்பவில்லை என்று அவள் சொன்னாள்.

பத்தாவது மாத முடிவில் ஒருநாள் லூர்து நேரிலேயே வந்தாள். கையில் ஒரு வயர்கூடை. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, கூடைக்குள்ளிருந்து பனங்கிழங்குக் கட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். அதற்கு அடியிலிருந்து, துண்டில் சுற்றியிருந்த சுவர்க் கடிகாரத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"அவிய மணிலாவுல இறங்கிட்டாவ. நாளக்கழிச்சு மெட்ராசு. அதான், இதை நம்ம ஊரு நேரத்துக்கு வச்சிரலாம்னு. எவ்வளவு திருப்பணும் எக்கா?"

அவள் தலைக்கு நேர் மேலே எங்கள் ஆபீஸ் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்று பத்து. அண்ணாந்து பார்த்திருந்தால் போதும். அவள் ஊரிலேயே ஒரு கடையில், ஒரு பஸ்ஸில், யார் கையிலாவது பார்த்திருக்கலாம். அதற்காகக் கடிகாரத்தைச் சுமந்துகொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்க வேண்டியதில்லை. பாயைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ரெண்டரை மணி நேரம் பின்னால" என்றேன்.

கடிகாரத்தைத் திருப்பி மடியில் கவிழ்த்து, பின்பக்கத்துச் சக்கரத்தில் விரலை வைத்து, பையப் பைய அவள் திருக ஆரம்பித்தாள்.